மூன்று ஆண்டுகளில் முடிய வேண்டிய பொறி

ஒரு வேலையைத் தொடங்கும் முன் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, இது எப்போது முடியும் என்பதுதான். வீடு கட்டும் மேசனிடமும் கேட்கிறோம். கலியாண உடுப்புத் தைக்கும் தையற்காரியிடமும் கேட்கிறோம். அவர்களும் ஒரு நாளைச் சொல்கிறார்கள். பல வீடுகளைக் கட்டிய மேசனுக்கும் பல உடுப்புகளைத் தைத்த தையற்காரிக்கும் அந்த நாளைச் சொல்வதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. ஆனால் உலகில் இதுவரை எவருமே செய்திராத ஒரு பொருளைச் செய்யப் புறப்படுபவரிடம் அதே கேள்வியைக் கேட்டால், அவர் எதை வைத்துப் பதில் சொல்வார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு கணித மேதை இந்தக் கேள்விக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் என்று கணக்கிட்டார். அந்தக் கணக்கை நம்பி ஓர் அரசாங்கமே பணம் கொடுத்தது. பத்து ஆண்டுகள் சென்றும் வேலை முடியவில்லை. அவர் கண்மூடும் நாள் வரையிலும் முடியவில்லை. அவர்தான் சாள்ஸ் பாபேஜ். தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் கணினியின் தந்தை என்ற ஒரே வரியில் அவரைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு நீண்ட வாழ்க்கையும், நிறைவேறாத ஒரு வாக்குறுதியும் இருக்கின்றன. செயற்றிட்டம் ஒன்றைக் கையில் எடுக்கும் எவரும் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது.

இளமையும் கல்வியும்

சாள்ஸ் பாபேஜ் 1791ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் திகதி இலண்டனில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாபேஜ் வசதி படைத்த ஒரு வங்கியாளர். சிறு வயதில் சாள்ஸ் அடிக்கடி நோய்வாய்ப்பட்டார். ஆனாலும் கணிதத்தின் மீது அவருக்கு இருந்த ஆர்வத்தை நோய் தடுக்கவில்லை. அட்சரகணிதத்தைப் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டார். 1810இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தபோது, அங்கே கற்பிக்கப்பட்ட கணிதம் தாம் ஏற்கனவே படித்ததை விடப் பின்தங்கியிருப்பதைக் கண்டு ஏமாற்றம் அடைந்தார்.

ஏமாற்றத்தோடு அவர் சும்மா இருந்துவிடவில்லை. 1812இல் ஜோன் ஹேர்ஷல், ஜோர்ஜ் பீகொக் ஆகிய நண்பர்களுடன் சேர்ந்து ஒரு கணிதச் சங்கத்தை ஆரம்பித்தார். நியூட்டனின் பழைய குறியீடுகளையே பிடித்துக்கொண்டிருந்த இங்கிலாந்துக்கு, ஐரோப்பாவின் ஏனைய நாடுகளில் வழக்கத்திலிருந்த நுண்கணிதக் குறியீடுகளைக் கொண்டுவருவதே அச்சங்கத்தின் நோக்கம். இன்று நாம் வகையீடு செய்யும்போது எழுதும் குறியீடு அவர்கள் போராடிக் கொண்டுவந்த குறியீடுதான். 1814இல் பட்டம் பெற்ற பாபேஜ் அதே ஆண்டில் ஜோர்ஜியானா என்ற பெண்ணை மணந்தார். 1816இல், இருபத்தைந்து வயது நிறையும் முன்பே, புகழ்பெற்ற றோயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

அட்டவணைகளில் இருந்த பிழைகள்

சாதாரண தரத்தில் மடக்கை அட்டவணையைப் புரட்டிய நமக்கு, அதில் உள்ள எண்கள் பிழையாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே வருவதில்லை. பாபேஜின் காலத்தில் நிலைமை அப்படி இருக்கவில்லை. கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று அறிய மாலுமிக்கு அட்டவணை தேவைப்பட்டது. வானியலாளர், பொறியியலாளர், காப்புறுதிக் கணக்குப் பார்ப்பவர் எல்லோரும் அட்டவணைகளை நம்பியே வேலை செய்தார்கள். அந்த எண்களை மனிதர்கள்தான் நாள் முழுக்க உட்கார்ந்து கையால் கணித்தார்கள். கணிக்கும்போது ஒரு பிழை வரலாம். பிரதி எடுக்கும்போது இன்னொரு பிழை வரலாம். அச்சுக் கோக்கும்போது மேலும் ஒரு பிழை வரலாம். நிலத்தில் இருப்பவருக்கு அது வெறும் இலக்கம். இருட்டில் கரையை நெருங்கும் மாலுமிக்கோ அது உயிர்.

1821இல் பாபேஜும் ஹேர்ஷலும் வானியல் அட்டவணைகள் சிலவற்றைச் சரிபார்த்தார்கள். ஒரே கணக்கை இரு வேறு ஆட்கள் செய்திருந்தனர். இரண்டையும் ஒப்பிட்டபோது ஒன்றன்பின் ஒன்றாகப் பிழைகள் தென்பட்டன. சலிப்படைந்த பாபேஜுக்கு, நீராவியால் ஆலைகள் இயங்குவதுபோல் இந்தக் கணக்குகளையும் ஓர் இயந்திரம் செய்யக்கூடாதா என்ற எண்ணம் பிறந்தது. அந்த ஓர் எண்ணமே பின்னர் அவருடைய வாழ்நாளை எடுத்துக்கொண்டது.

அவர் நினைத்த வழி வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. 1, 4, 9, 16, 25 என்ற வர்க்க எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசங்கள் 3, 5, 7, 9 ஆகும். அந்த வித்தியாசங்களுக்கு இடையிலான வித்தியாசம் எப்போதும் 2 மட்டுமே. ஆகவே 2ஐக் கூட்டி அடுத்த வித்தியாசமான 11ஐப் பெறலாம். அந்த 11ஐ 25உடன் கூட்டினால் அடுத்த வர்க்கமான 36 வந்துவிடும். பெருக்கல் தேவையில்லை, கூட்டல் மட்டுமே போதும். கூட்டலைப் பற்சில்லுகளைக் கொண்டு செய்யலாம். அதனால்தான் தமது இயந்திரத்திற்கு வித்தியாசப் பொறி என்று பெயரிட்டார். கணித்த விடைகளை இயந்திரமே அச்சுக்கும் தயார்செய்யும் என்பதால் மனிதக் கை படும் இடமே இராது.

கொடுக்கப்பட்ட நாள்

1822இல் பாபேஜ் ஒரு சிறிய மாதிரிப் பொறியைச் செய்து முடித்தார். அது சரியாக வேலை செய்தது. வானியற் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. றோயல் சங்கத்தின் தலைவராக இருந்த ஹம்ப்ரி டேவிக்கு அவர் எழுதிய கடிதம் அரசாங்கத்தின் கவனத்திற்கும் சென்றது. அறிஞர்கள் இது பயனுள்ள திட்டம் என்று சிபாரிசு செய்ய, 1823இல் அரசாங்கம் 1,500 பவுண் ஒதுக்கியது. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளில் வேலை முடிந்துவிடும் என்பது பாபேஜின் மதிப்பீடு. தமது சொந்தப் பணத்திலும் 3,000 முதல் 5,000 பவுண் வரை செலவிட அவர் ஆயத்தமாக இருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாபேஜ் பொய் சொல்லவில்லை. பிறரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. இந்த வேலைக்காக அவர் தமக்கென்று சம்பளம் எதுவும் பெறவும் இல்லை. சிறிய மாதிரி சரியாக இயங்கியது, பெரியதற்கான எண்ணமும் மனதில் தெளிவாக இருந்தது. எண்ணம் முடிந்துவிட்டால் வேலையின் பெரும் பகுதி முடிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. உண்மையில் அப்போதுதான் வேலை தொடங்கியிருந்தது.

இன்னொரு குறையும் இருந்தது. நிதிக்குப் பொறுப்பான அமைச்சருடன் அவர் நடத்திய பேச்சுவார்த்தைக்கு எழுத்து மூலமான பதிவு எதுவும் செய்யப்படவில்லை. செலவு கூடினால் யார் கொடுப்பது, வேலை பிந்தினால் என்ன செய்வது என்பவற்றை இரு தரப்பும் எழுதி வைக்கவில்லை. பின்னர் வந்த கசப்புகளில் பாதி இங்கேதான் முளைத்தது.

பட்டறையில் நடந்தது

பொறியைச் செய்யும் பொறுப்பு ஜோசப் கிளெமன்ட் என்ற தொழில் வல்லுநரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்த கிளெமன்ட், உலோக வேலையிலும் வரைபடம் வரைவதிலும் அக்காலத்தில் முன்னணியில் நின்றவர். ஆனால் அவர் முன் வைக்கப்பட்ட வேலை சாதாரணமானதல்ல. முழுப் பொறிக்குச் சுமார் 25,000 உறுப்புகள் தேவைப்பட்டன. அவற்றில் நூற்றுக்கணக்கானவை ஒன்றுக்கொன்று அச்சொட்டாக ஒத்திருக்க வேண்டும். ஒரு பற்சில்லு சற்றுப் பெரிதானாலும் கணக்குப் பிழைத்துவிடும்.

இன்று ஓர் ஆணி தேவை என்றால் கடைக்குப் போய் அளவைச் சொல்லி வாங்குகிறோம். அக்காலத்தில் திருகாணிக்குக் கூடப் பொதுவான அளவு கிடையாது. ஒரு பட்டறையின் திருகாணி இன்னொரு பட்டறையின் துளையில் பொருந்தாது. ஒரே மாதிரியான உறுப்புகளைப் பெருந்தொகையாகச் செய்யும் வழி அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. ஆகவே கிளெமன்ட் முதலில் உறுப்புகளைச் செய்யவில்லை. உறுப்புகளைச் செய்வதற்கான கருவிகளைச் செய்தார். அக்கருவிகளைத் திருத்தினார், பின்னர் அவற்றுக்குத் துணையாக வேறு கருவிகளைச் செய்தார். சோறு சமைக்கப் புறப்பட்டவர் முதலில் அடுப்புக் கட்ட வேண்டி வந்தது போன்ற நிலை இது. இரண்டு மூன்று ஆண்டுகள் என்ற கணக்கில் இந்த அடுப்புக் கட்டும் காலம் சேர்க்கப்பட்டிருக்கவில்லை.

பாபேஜும் ஓய்ந்திருக்கவில்லை. எந்த ஆலையில் என்ன முறை கையாளப்படுகிறது என்று அறிய நாட்டின் பல பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் சென்று பார்த்தார். நூற்றுக்கணக்கான பெரிய வரைபடங்கள் வரையப்பட்டன. ஆனால் வரைபடம் முடிந்த பின்னரும் இதைவிட நல்ல வழி ஒன்று அவருக்குத் தோன்றும். உடனே மாற்றம் வரும். செய்த உறுப்பு வீணாகும். திறமை குறைவாக இருந்திருந்தால் ஒருவேளை அவர் விரைவாக முடித்திருப்பார். அடுத்த நல்ல யோசனை வந்துகொண்டே இருந்ததுதான் அவருக்குத் தடையாயிற்று.

1827ஆம் ஆண்டு

முதலில் சொன்ன மூன்று ஆண்டுகள் கழிந்து இன்னும் ஓராண்டு சென்ற நேரத்தில், எந்த மதிப்பீட்டிலும் எழுத முடியாத துன்பங்கள் வந்து சேர்ந்தன. 1827இல் பாபேஜின் தந்தை இறந்தார். அதே ஆண்டில் மகன் சாள்ஸ் இறந்தான். அருமை மனைவி ஜோர்ஜியானாவும் பிறந்த குழந்தையும் இறந்தனர். சில மாதங்களுக்குள் ஒரு வீடே வெறுமையானது. எட்டுப் பிள்ளைகள் பிறந்த அக்குடும்பத்தில் வளர்ந்து ஆளானவர்கள் மூன்று ஆண் மக்கள் மட்டுமே.

மனமுடைந்த பாபேஜ் நண்பர்களின் ஆலோசனைப்படி ஐரோப்பிய நாடுகளுக்குப் பயணமானார். பொறியின் வேலையை ஹேர்ஷல் மேற்பார்வை செய்தார். பயணத்தில் இருந்தபோதுதான், நியூட்டன் வகித்த அதே கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் பதவிக்குத் தாம் தெரிவு செய்யப்பட்ட செய்தி 1828இல் அவரை எட்டியது. 1839 வரை அப்பதவியில் இருந்தும் அவர் ஒரு விரிவுரையேனும் நடத்தவில்லை என்பது வரலாறு. அந்த அளவுக்குப் பொறி அவரை ஆட்கொண்டிருந்தது.

நாடு திரும்பியபோது பணம் தீர்ந்திருந்தது. ஊரில் ஐயங்கள் எழுந்திருந்தன. அரசாங்கப் பணத்தை அவர் தமக்கென எடுத்துக்கொண்டார் என்றுகூடச் சிலர் பேசினர். 1829இல் பிரதமராக இருந்த வெலிங்டன் கோமகன் நேரில் வந்து மாதிரியையும் உறுப்புகளையும் பார்வையிட்டார். திருப்தியடைந்த அவர் மேலும் நிதி கிடைக்க வழிசெய்தார். வேலை மீண்டும் நகர்ந்தது.

ஏழில் ஒரு பங்கு

1832இல் பாபேஜ் காட்டக்கூடிய ஒன்று கையில் கிடைத்தது. கணிக்கும் பகுதியின் ஏழில் ஒரு பங்கு அளவான ஒரு துண்டு, சுமார் 2,000 உறுப்புகளுடன் பொருத்தி முடிக்கப்பட்டது. கைப்பிடியைச் சுற்றினால் பித்தளைச் சில்லுகள் திரும்பி, பிழையின்றி விடையைக் காட்டின. பாபேஜ் அதைத் தமது வீட்டு வரவேற்பறையில் வைத்தார். சனிக்கிழமை இரவுகளில் அவர் வீட்டுக்கு வரும் அறிஞர்களும் பிரபுக்களும் அதைப் பார்த்து வியந்தனர்.

1833இல் அப்படிப் பார்க்க வந்தவர்களில் ஒருவர் பதினேழு வயதுப் பெண். எங்கள் வயதுதான். மற்றவர்கள் அதை ஒரு விந்தைப் பொருளாகப் பார்த்துவிட்டுச் சென்றபோது, அவர் அதன் உள்ளே நடப்பதை விளங்கிக்கொள்ள விரும்பினார். அவரே பின்னாளில் ஏடா லவ்லேஸ் என்று அறியப்பட்டவர்.

இந்த இடத்தில் வாசகர்கள் சற்று நின்று யோசிக்கலாம். ஒரு பகுதி முடிந்து, அது சரியாக இயங்குகிறது. இதையே சற்றுப் பெருப்பித்து, ஓர் அச்சுப் பகுதியைச் சேர்த்து, சிறிய அட்டவணைகளையாவது வெளியிட்டிருந்தால் அரசாங்கத்தின் நம்பிக்கை பெருகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பாபேஜின் கண்கள் முழுப் பொறியிலேயே பதிந்திருந்தன.

அடுத்த ஆண்டே முறிவு வந்தது. பாபேஜின் வீட்டருகே தீப்பிடிக்காத புதிய கட்டடம் ஒன்று பொறிக்காகக் கட்டப்பட்டது. பட்டறையை அங்கே மாற்றுவதற்குக் கிளெமன்ட் கேட்ட கொடுப்பனவு மிக அதிகம் என்று மறுக்கப்பட்டது. பணம் நேரத்துக்கு வராததாலும் மனக்கசப்பு வளர்ந்திருந்தது. 1833இல் கிளெமன்ட் வேலையாட்களை நிறுத்தினார். அக்காலத் தொழில் வழக்கப்படி, பிறர் பணத்தில் செய்யப்பட்டாலும் கருவிகள் தொழிலாளிக்கே சொந்தம். பத்தாண்டுகளாக உருவாக்கிய கருவிகள் எல்லாம் கிளெமன்டிடமே தங்கின. வித்தியாசப் பொறியின் வேலை அதன் பிறகு தொடரவே இல்லை.

இதில் ஒரு வேதனையான முரண் உண்டு. பாபேஜ் தமது ஆலைப் பயண அனுபவங்களைத் திரட்டி 1832இல் இயந்திரங்களும் உற்பத்தித் தொழில்களும் பற்றிய ஒரு நூலை வெளியிட்டார். பலரும் விரும்பிப் படித்த நூல் அது. புதிதாகக் கண்டுபிடித்த இயந்திரம் ஒன்றின் முதற் பிரதிக்கு, இரண்டாவது பிரதிக்கு ஆவதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு செலவாகும் என்ற மதிப்பீட்டை அதில் அவர் எடுத்துக்காட்டினார். முதலாவதைச் செய்வதன் உண்மையான பாரத்தை அந்நாட்டில் அவரளவுக்கு அறிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் அந்த அறிவு 1823இல் நாளைச் சொன்ன பிறகு வந்தது. அந்த நாளைச் சொல்லாமலிருந்திருந்தால் வேலையே தொடங்கியிருக்காது, வேலை தொடங்காமலிருந்திருந்தால் அந்த அறிவே வந்திருக்காது.

புதிய கனவு, பழைய கடன்

வேலை நின்றிருந்த காலத்தில் பாபேஜின் மூளை நிற்கவில்லை. 1834இல் அதைவிடப் பெரிய ஒரு யோசனை பிறந்தது. ஒரு வகைக் கணக்கை மட்டும் செய்யாமல், கட்டளைக்கு ஏற்ப எந்தக் கணக்கையும் செய்யும் பொறி. எண்களைச் சேமிக்க ஒரு பகுதி, கணிப்பதற்கு ஒரு பகுதி, கட்டளை கொடுக்கத் துளையிட்ட அட்டைகள். பட்டுத்துணியில் கோலம் நெய்ய ஜக்கார்ட் தறியில் பயன்பட்ட அட்டைகளை அவர் கணிதத்திற்குக் கொண்டுவந்தார். இதுவே பகுப்பாய்வுப் பொறி. நினைவகம், மத்திய செயலகம் என்று இன்று நாம் படிப்பதன் கரு அதில் இருந்தது.

புதிய யோசனை எவ்வளவு உயர்ந்ததோ, பழைய வாக்குறுதிக்கு அவ்வளவு ஆபத்தானது. இதைவிடச் சிறந்த பொறி ஒன்று தம் மனதில் இருப்பதை அவர் அரசாங்கத்திற்கும் தெரிவித்தார். நேர்மையாகத்தான் தெரிவித்தார். ஆனால் பணம் கொடுத்தவர்கள் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள்? மூன்று ஆண்டுகளில் தருவதாகச் சொன்ன பொருள் பத்து ஆண்டுகளாகியும் வரவில்லை, இப்போது வேறொன்றைப் பற்றிப் பேசுகிறாரே என்றுதான் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். முடிவு சொல்லாமல் ஆண்டுகள் இழுபட்டன. 1842இல் றொபேட் பீலின் அரசாங்கம், அரச வானியலாளர் ஜோர்ஜ் எயாரியின் கருத்தையும் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டது. எயாரி அப்பொறியைப் பயனற்றது என்றே கருதினார். அதற்குள் 17,000 பவுணுக்கு மேல் செலவாகியிருந்தது. 1831இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட ஒரு புகையிரத இயந்திரத்தின் விலை 800 பவுணுக்கும் குறைவு என்றால், அத்தொகையில் இருபதுக்கு மேற்பட்ட புகையிரத இயந்திரங்களைச் செய்திருக்கலாம். பிரதமரை நேரில் சந்தித்த பாபேஜ், தமது துன்பங்களையே அதிகம் எடுத்துரைத்தார். சந்திப்புக் கசப்பிலேயே முடிந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு ஓர் ஆறுதல் கிடைத்தது. பகுப்பாய்வுப் பொறியைப் பற்றி இத்தாலியரான மெனாப்ரியா எழுதிய கட்டுரையை ஏடா லவ்லேஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மூலத்தைப் போல் மூன்று மடங்கு நீளமான குறிப்புகளையும் சேர்த்து 1843இல் வெளியிட்டார். இல்லாத ஒரு பொறிக்குக் கட்டளைகளை ஒழுங்குபடுத்தும் முறையை அவர் அதில் விளக்கினார். எண்களுக்கு அப்பால், இசை போன்றவற்றையும் அத்தகைய பொறி கையாளலாம் என்று அவர் எண்ணினார். 1852இல், முப்பத்தாறு வயதில், அவர் காலமானார்.

முடித்தவர்கள்

வித்தியாசப் பொறியைப் பற்றி 1834இல் ஒரு சஞ்சிகையில் வெளிவந்த கட்டுரையைச் சுவீடனில் ஓர் அச்சக உரிமையாளர் வாசித்தார். ஜோர்ஜ் ஷுட்ஸ் என்ற அவர், தம் மகன் எட்வர்டுடன் சேர்ந்து அதைத் தாமே செய்யத் துணிந்தார். அவர்களிடம் பெரும் பணம் இருக்கவில்லை. ஆறு மட்ட வித்தியாசங்களைக் கையாளும் பெரிய பொறியைப் பாபேஜ் திட்டமிட்டார் என்றால், இவர்கள் நான்கு மட்டங்களுடன் நிறைவடைந்தனர். முதலில் 1843இல் ஒரு மாதிரி, பின்னர் 1853இல் முழுப் பொறி. 1855இல் பரிஸ் கண்காட்சியில் அது தங்கப் பதக்கம் வென்றது. குறைபாடுகள் இருந்தன, ஆனாலும் பொறி இருந்தது.

அந்தச் சிறிய பொறிக்கே பத்தொன்பது ஆண்டுகள் சென்றன என்பதையும் நாம் மறக்கக்கூடாது. பாபேஜ் பொறாமைப்படுவார் என்று பலர் எதிர்பார்த்தனர். அவரோ அவர்களை மனமுவந்து வரவேற்று, அவர்களுக்குப் பாராட்டுக் கிடைக்கப் பாடுபட்டார். அவருடைய வாழ்வின் மிக அழகான செயல்களில் இதுவும் ஒன்று.

1847க்கும் 1849க்கும் இடையில் பாபேஜ் இரண்டாவது வித்தியாசப் பொறியை வரைந்தார். முன்பு கற்ற பாடங்கள் எல்லாம் அதில் தெரிந்தன. அது 25,000க்குப் பதில் சுமார் 8,000 உறுப்புகளில் அடங்கியது. இம்முறை முதலில் வரைபடங்களை முழுமையாக முடித்துவிட்டே அரசாங்கத்தின் முன் வைத்தார். ஆனால் ஒரு முறை இழந்த நம்பிக்கை திரும்பவில்லை. 1852இல் அரசாங்கம் மறுத்துவிட்டது. முதல் முறை சரியாகத் திட்டமிடாமல் கேட்டபோது கொடுத்தவர்கள், சரியாகத் திட்டமிட்டுக் கேட்டபோது கொடுக்கவில்லை.

1871ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி, எழுபத்தொன்பதாவது வயதில் பாபேஜ் இலண்டனில் இறந்தார். இறுதிக் காலத்தில் அவர் பெயரைக் கேட்டால், தெருவில் இசைக்கருவி வாசிப்போருடன் சண்டையிடும் கிழவர் என்றே பலருக்கு நினைவு வந்தது. இந்தியாவில் படைச் சேவையில் இருந்து திரும்பிய மகன் ஹென்றி, எஞ்சிய உறுப்புகளைச் சேர்த்துச் சில சிறிய மாதிரிகளைச் செய்து தந்தையின் பெயரைக் காப்பாற்றினார்.

150 ஆண்டுகளுக்குப் பின்

பொறி முடியாமற் போனதற்கு, அது முடியவே முடியாத ஒன்று என்பதுதான் காரணமா? இந்தக் கேள்விக்கு இலண்டன் விஞ்ஞான நூதனசாலை விடை கண்டது. 1985இல் ஆரம்பித்து, பாபேஜின் இரண்டாவது பொறியை அவருடைய வரைபடங்களின்படியே அவர்கள் செய்தார்கள். அக்காலத்தில் அடையக்கூடிய துல்லியத்தை மீறாமல் பார்த்துக்கொண்டனர். வரைபடங்களில் இருந்த சில சிறு பிழைகளைத் திருத்தினர். 1991இல், பாபேஜின் இருநூறாவது பிறந்த தினத்திற்குச் சற்று முன்னர், கணிக்கும் பகுதி பிழையின்றி இயங்கியது. அச்சுப் பகுதி 2002இல் முடிந்தது. பாபேஜின் எண்ணம் சரியானது என்பது நிரூபணமாயிற்று. அதேவேளை, முழுமையான வரைபடங்களும் இன்றைய இயந்திரங்களும் கையில் இருந்தும், முதற் பகுதிக்கு ஆறு ஆண்டுகளும் முழுவதற்கும் பதினேழு ஆண்டுகளும் எடுத்தன என்பதையும் பாருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் என்ற பழைய மதிப்பீடு எவ்வளவு தூரம் விலகியிருந்தது என்பது அப்போது விளங்கும்.

பாபேஜின் உழைப்பு வீண் போகவில்லை. கிளெமன்டின் பட்டறையில் வேலை செய்த ஜோசப் விட்வேர்த், பிற்காலத்தில் திருகாணிகளுக்குப் பொது அளவை முன்வைத்து நாடு முழுவதற்கும் நன்மை செய்தார். ஆனால் பிழையற்ற அட்டவணைக்காகக் காத்திருந்த மாலுமிக்கு அது உரிய காலத்தில் கிடைக்கவில்லை. நாம் சொல்லும் நாளை நம்பி வேறு யாரோ காத்திருக்கிறார்கள் என்பதை இவ்வாழ்க்கை நினைவூட்டுகிறது.

இன்று ஒரு மென்பொருளோ, ஒரு பாலமோ, பாடசாலையில் நாம் செய்யும் சிறு செயற்றிட்டமோ எதுவானாலும், எப்போது முடியும் என்ற கேள்வி வரத்தான் செய்யும். பாபேஜின் கதையைப் படித்த பிறகு அதற்கு முன்னால் வேறு சில கேள்விகளை நம்மிடம் நாமே கேட்கலாம். இதைப் போன்ற ஒன்றை இதற்கு முன் யாராவது செய்திருக்கிறார்களா, அவர்களுக்கு எவ்வளவு காலம் சென்றது? செய்வதற்கான கருவிகள் இருக்கின்றனவா, அல்லது அவற்றையும் நாமே செய்ய வேண்டுமா? முதலில் முடித்துப் பயன்படுத்தக்கூடிய சிறிய பகுதி எது? நடுவில் இன்னொரு நல்ல யோசனை வந்தால் அதை எங்கே எழுதி வைப்போம்? சொன்ன நாள் பிந்துமானால், காத்திருப்பவரிடம் அதை எப்போது போய்ச் சொல்வோம்? ஆழம் அறியாமல் காலை விடாதே என்று நம் பெரியோர் சொல்வார்கள். ஆழமே அளக்கப்படாத ஆற்றில் முதலில் இறங்கியவர் பாபேஜ். அவருக்குப் பின் வருபவர்கள் அந்த ஆழத்தை அறிந்துகொண்டு இறங்கலாம்.

உயர்தரம், கணிதப் பிரிவு